யார் அடுப்பில் கொதித்தால் பொழுதுபோக்கு, யார் அடுப்பில் கொதித்தால் குற்றம்?

தோழர்களே, நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ‘ஊறல் அழிப்பு’ என்ற சொல் பழகிப்போயிருக்கும். மலையடிவாரத்தில் இத்தனை லிட்டர் ஊறல் கண்டுபிடிப்பு, பேரல்கள் உடைப்பு, இருவர் கைது, ஒருவர் தப்பியோட்டம். படத்தில் நான்கு போலீஸார், அவர்கள் காலடியில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் பேரல். வெல்லத்தையோ தானியத்தையோ தண்ணீரில் போட்டுப் புளிக்க விட்டால் அதற்குப் பெயர் ஊறல். அதே புளிப்பைப் பெருநகர அடுக்ககத்தின் சமையலறையில், ஸ்டீல் பாத்திரமும் டிஜிட்டல் தெர்மாமீட்டரும் வைத்து ஒருவர் செய்து யூடியூபில் போட்டால் அதற்குப் பெயர் ஹோம் புரூயிங். முன்னவர் சமூக விரோதி. பின்னவர் ஆர்வலர்.

‘என்னுடைய முதல் ஆல்-கிரெயின் பீர்’ என்ற தலைப்பில் வரும் காணொளிகளை மாணவத் தோழர்கள் சிலர் எங்களுக்கு அனுப்பி, ‘இதில் என்ன அரசியல் இருக்கிறது, சும்மா ஒரு ஹாபிதானே’ என்று கேட்கிறார்கள். ஹாபிதான். அது ஹாபியாக இருப்பதற்கு யாருக்கு அனுமதி, யாருக்கு லத்தி என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலில் அந்த வித்தையைப் பார்த்துவிடுவோம். கடையில் விற்கும் மால்ட் சாற்றைக் கரைத்துச் செய்வது எளிய வழி. ஆல்-கிரெயின் என்றால் சாறு கிடையாது, எல்லாமே தானியத்திலிருந்து. 20 லிட்டர் பீருக்குச் சுமார் 5 கிலோ முளைகட்டிக் காயவைத்த வாற்கோதுமை. அதை உமி கெடாமல் ஒன்றிரண்டாக உடைத்து, வெந்நீரில் கொட்டி, 65 முதல் 67 டிகிரி செல்சியஸில் ஒரு மணிநேரம் மூடி வைக்க வேண்டும். முளையில் பிறந்த நொதிகள் அந்தச் சூட்டில் மாவைச் சர்க்கரையாக உடைக்கும். சூடு 75-ஐத் தாண்டினால் நொதி செத்துவிடும், மிகவும் குறைந்தால் வேலை மந்தமாகிவிடும். முதல்முறை செய்பவருக்கு வியர்ப்பது இந்த ஒரு மணிநேரத்தில்தான். பிறகு வடித்து, தானியத்தைச் சூடான நீரால் அலசி, வந்த இனிப்பு நீரை ஹாப்ஸ் பூவோடு ஒரு மணிநேரம் கொதிக்கவிட்டு, 20 டிகிரிக்கு விரைவாக ஆற்றி, ஈஸ்ட் போட்டு இரண்டு வாரம் மூடி வைத்தால் 4, 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பீர். பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்த்தால் நுரை வரும். அளவு மிஞ்சினால் பாட்டில் வெடிக்கும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ‘மால்டிங்’ என்று காணொளிகளில் வியந்து வியந்து பேசுகிறார்களே, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவதற்காகக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, நிழலில் உலர்த்தி, மில்லில் கொடுத்து அரைக்கும் நம் அம்மாக்கள் செய்வது அதைத்தான். ராகி மால்ட் என்று நாம் குடிப்பதில் உள்ள மால்ட்டும் பீரில் உள்ள மால்ட்டும் ஒரே சொல், ஒரே தொழில்நுட்பம். சிக்கிமிலும் டார்ஜிலிங்கிலும் அதே கேழ்வரகைப் புளிக்கவைத்து, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சிக் குடிக்கிறார்கள், தோங்பா என்று பெயர். தானியத்தை முளைகட்டி மதுவாக்கும் அறிவு உலகம் முழுக்கப் பெரும்பாலும் பெண்களின் சமையலறை அறிவு. அந்த அறிவைப் பிடுங்கிய வரலாற்றை மிகத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குப் போக வேண்டும். 1860 முதல் நம் மக்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றி இறக்கிய அதே டர்பன்.

சூலு மக்களின் பீருக்கு உட்ஷ்வாலா என்று பெயர், சோசா மக்கள் உம்கொம்போதி என்பார்கள். வாற்கோதுமையும் ஹாப்ஸும் கிடையாது. நாம் சோளம் என்று சொல்லும் அதே சோளத்தை முளைகட்டி உலர்த்தி இடித்து, மக்காச்சோள மாவோடு வெந்நீரில் கலந்து இரவு முழுக்கப் புளிக்கவிடுவார்கள். காலையில் அதைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியபின் மேலும் முளைமாவு சேர்த்து மூடி வைப்பார்கள். ஓரிரு நாளில் புல்லால் பின்னிய வடிகட்டியில் பிழிந்து வடித்தால் இளஞ்சிவப்பான, கெட்டியான, கம்மங்கூழை நினைவூட்டும் புளித்த பானம். ஆல்கஹால் 3 விழுக்காட்டை ஒட்டி. வடித்த ஓரிரு நாளில் குடித்துவிட வேண்டும், இல்லையென்றால் கெட்டுவிடும். இதுவும் ஆல்-கிரெயின்தான், ஒரு துளி சாறு கிடையாது. மண்பானையில் ஊற்றி ஒருவர் குடித்து அடுத்தவர் கையில் கொடுப்பார்கள், பானை வட்டமாகச் சுற்றிவரும். தேநீர்க் கடையில் தனிக்குவளை பார்த்து வளர்ந்த நமக்கு அந்த ஒற்றைப் பானையின் அருமை புரியும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்துக்குக் கறுப்பினத் தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். உழைப்பு மட்டும் நகரத்துக்குள் வரவேண்டும், குடும்பம் வரக்கூடாது என்பது வெள்ளையர் கணக்கு. ஆண்களைத் தொழிலாளர் கொட்டடிகளில் அடைத்தார்கள். ஆனாலும் பெண்கள் வந்தார்கள். நகரத்தில் அவர்களுக்கு வேலை இல்லை, வாழும் உரிமையும் இல்லை. கையில் இருந்தது ஒரு தொழில்தான், பீர் வடிப்பது. மூட்டை தூக்கிக் களைத்து வந்தவர்களுக்கு ஊரில் குடித்த அதே பீரை ஒரு குடிசை வாசலில் ஊற்றிக் கொடுத்துப் பிழைத்தார்கள். குழந்தைகளின் சோறும் குடிசை வாடகையும் அந்தப் பானையில்தான் இருந்தன.

1908-இல் நேட்டால் அரசு நேட்டிவ் பீர் சட்டம் கொண்டுவந்தது. நகராட்சி விரும்பினால் கறுப்பின மக்களுக்கான பீரைக் காய்ச்சி விற்கும் தனியுரிமையைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்றது சட்டம். டர்பன் நகராட்சி உடனே எடுத்துக்கொண்டது. 1909 முதல் நகராட்சியே பீர் காய்ச்சியது, நகராட்சியே பீர் ஹால்கள் திறந்தது. பெண்களின் பானை மட்டும் கள்ளச் சரக்காகிவிட்டது. கவனியுங்கள் தோழர்களே, பீர் தடைசெய்யப்படவில்லை. அதே சோளம், அதே மால்ட், அதே பானம். காய்ச்சும் கை மட்டும் மாற்றப்பட்டது. முந்தின வருடம் வரை ஒரு பெண்ணின் கைத்தொழிலாக இருந்தது அடுத்த வருடம் நகராட்சியின் வருமான இனம்.

அந்த வருமானம் எங்கே போனது? கறுப்பின மக்களை ‘நிர்வகிக்கும்’ தனிக் கணக்குக்குப் போனது. தொழிலாளர் கொட்டடி கட்டவும், அவர்களைக் கண்காணிக்கும் அலுவலகம் நடத்தவும், போலீஸுக்கும் அதிலிருந்துதான் செலவு. ஒருவனைப் பூட்டிவைக்கும் பூட்டின் விலையை அவன் குடிக்கும் குவளையிலிருந்தே வசூலிக்கும் ஏற்பாடு. வெள்ளை வரிகொடுப்போருக்கு ஒரு பைசா சுமையில்லாமல் நிறவெறி நிர்வாகத்தை நடத்திக் காட்டிய இந்த முறைக்கு ‘டர்பன் சிஸ்டம்’ என்றே பெயர் வைத்தார்கள். 1923-இல் நாடு முழுமைக்குமான சட்டத்தில் அது நுழைந்தது. ரொடீசியாவும் கென்யாவும் பார்த்துக் கற்றுக்கொண்டன. சேரிக்குச் சாராயம் விற்று, அந்தக் காசில் சேரிக்கு நலத்திட்டம் தருவதாகப் பெருமை பேசும் அரசுகள் வேறெங்கும் இருக்கின்றனவா என்று நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1929-இல் டர்பன் தொழிலாளர்கள் பீர் ஹால்களைப் புறக்கணித்தார்கள். ஏ.டபிள்யூ.ஜி. சாம்பியன் தலைமையிலான தொழிற்சங்கம் முன்னே நின்றது. ஜூன் மாதத்தில் வெள்ளையர் கும்பல் சங்கக் கட்டடத்தை முற்றுகையிட்டது, மோதலில் உயிர்கள் போயின. வரலாற்றுப் புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். அதே வருடம் லேடிஸ்மித், வீனன் போன்ற சிறுநகரங்களில் பெண்கள் கையில் தடியோடு பீர் ஹாலுக்குள் நுழைந்து, குடித்துக்கொண்டிருந்த ஆண்களை விரட்டியதையும் சேர்த்துப் படியுங்கள். அவர்கள் மதுவிலக்குக்காரர்கள் இல்லை. தங்கள் பானையைத் திருப்பிக் கேட்டவர்கள்.

தடை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பொருளியல் காரணம் உண்டு. அறிவியல் படிக்கும் தோழர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சோள பீருக்குப் பெரிய பானை வேண்டும், மூன்று நாள் வேண்டும், வாசனை தெருமுனை வரை வரும். 3 விழுக்காடு ஆல்கஹாலுக்காக அவ்வளவு பெரிய பானையை ஒளித்துவைக்க முடியாது. ரெய்டு வரும் தெருவில் அது பிழைக்காது. எனவே பானை போய்த் தகரம் வந்தது. ஈஸ்ட்டும் சர்க்கரையும் வெந்நீரும் கலந்து ஒரே நாளில் ஏறிவிடும் ஸ்கோக்கியான் வந்தது. அதைத் தகர டின்னில் அடைத்து முற்றத்தில் குழிதோண்டிப் புதைத்தார்கள். போலீஸார் இரும்புக் கம்பியால் முற்றத்தைக் குத்திக் குத்தித் தேடினார்கள். போதை சீக்கிரம் ஏற வேண்டும் என்பதற்காகக் கண்டதையும் கலந்தார்கள். அடுத்த கட்டம் வடிசாராயம், சின்ன பாட்டிலில் பெரிய போதை. சத்தான, மெல்லிய, கெட்டியான ஒரு பானத்தை நஞ்சுவரைக்கும் கொண்டுபோய் விட்டது குடிப்பவனின் ஒழுக்கக்கேடு என்று வெள்ளைப் பத்திரிகைகள் எழுதின. கொண்டுபோய் விட்டது ரெய்டு.

1959 ஜூன். டர்பனின் கேட்டோ மேனர் குடிசைப் பகுதி. நகராட்சி குடிசைகளை அகற்றிக்கொண்டிருக்கிறது, போலீஸார் வீடு வீடாகப் புகுந்து பீர் பானைகளைக் கவிழ்க்கிறார்கள். 17-ஆம் தேதி பெண்கள் பீர் ஹாலுக்குள் புகுந்தார்கள். ஆண்களை அடித்து வெளியேற்றினார்கள், நகராட்சியின் பீரைக் கொட்டினார்கள். மறுநாள் ஏறத்தாழ 2000 பெண்கள் கூடி அதிகாரியின் முகத்துக்கு நேரே தங்கள் வழக்கைச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரன் சம்பளம் உங்கள் ஹாலில் தீர்கிறது, எங்கள் பானையை நீங்கள் உடைக்கிறீர்கள், பிள்ளைக்கு நாங்கள் எதைப் போடுவது என்பதுதான் அதன் சாரம். பதில் தடியடி. போராட்டம் நேட்டால் மாகாணம் முழுக்கப் பரவியது. டொரோத்தி நியெம்பே போன்ற தலைவர்கள் இந்தப் போராட்டங்களில் நின்றவர்கள். ‘மதுக்கடையை மூடு’, ‘எங்கள் பானையை விடு’ என்ற இரண்டும் அந்தப் பெண்களின் வாயில் ஒரே கோரிக்கையாக வந்தன. நம் ஊர் விவாதங்களில் இவை இரண்டையும் எதிரெதிராக நிறுத்தியே பழகிவிட்டோம்.

கேட்டோ மேனரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போனால் நாங்கள் நேர்மையற்றவர்களாவோம். அந்த நிலத்தில் பெரும்பகுதி இந்திய வம்சாவளியினருடையது. குடிசைக்கு வாடகை வாங்கியவர்களில் நம்மவர்கள் உண்டு. கூலியாகக் கப்பலேறிய சமூகம், தனக்குக் கீழே ஒருவன் கிடைத்ததும் நில உடைமையாளனாக நடந்துகொண்டது. நிறவெறியை நாங்களும் அனுபவித்தோம் என்று டர்பன் தமிழர் வரலாற்றைப் பேசும் மேடைகளில் இந்தப் பகுதி மட்டும் எப்போதும் விடுபட்டுப்போகும்.

1960 ஜனவரி 24 அன்று கேட்டோ மேனரில் மதுச் சோதனைக்குப் போன இடத்தில் மூண்ட மோதலில் ஒன்பது போலீஸார் கொல்லப்பட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஷார்ப்வில் படுகொலை. 1976 ஜூனில் சோவெட்டோ மாணவர்கள் எழுந்தபோது தீ வைத்த இடங்களில் அரசின் பீர் ஹால்களும் மதுக்கடைகளும் இருந்தன. பள்ளிச் சீருடையில் இருந்த பிள்ளைகளுக்கு, தங்கள் அப்பன்களின் சம்பளம் எந்தக் கட்டடத்துக்குள் போய் என்னவாக வெளியே வருகிறது என்பது தெரிந்திருந்தது.

அதே ஆண்டுகளில் வேறு நாடுகளில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வாங்க வேண்டும் என்ற பழைய விதியை 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் நீக்கினார். அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வளர்ந்தவர் இருவர் உள்ள வீட்டுக்கு வருடம் 200 காலன், அதாவது 750 லிட்டருக்கு மேல், வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ள இடம் கொடுத்தது. கேட்டோ மேனரில் ஒரு பானைக்குத் தடியடி, கலிபோர்னியாவில் 750 லிட்டருக்கு வரிவிலக்கு. அங்கிருந்துதான் இன்றைய கிராஃப்ட் பீர் அலை கிளம்பியது. நார்வே விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிவந்த, 35 டிகிரி சூட்டிலும் வேலை செய்யும் க்வெய்க் ஈஸ்ட்டைக்கூட இன்று ஆய்வகங்கள் பொட்டலம் போட்டு விற்கின்றன. சென்னை வெயிலில் பீர் காய்ச்ச ஏற்றது என்று நம் ஊர் ஆர்வலர்களும் தேடுகிறார்கள்.

அந்த அமெரிக்கச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், விற்கக்கூடாது. கேட்க நியாயமாக இருக்கும். பீர் யாருக்கு ஹாபியோ அவர் விற்கத் தேவையில்லை, அவருக்குச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வருகிறது. டர்பன் பெண்ணுக்கு விற்பதுதான் பிழைப்பு. எனவே ‘சொந்தப் பயன்பாடு’ என்ற கோடு வர்க்கத்தின் கோடு, நம் நாட்டில் சாதியின் கோடும்கூட. நாளைக்கே இங்கும் ‘வீட்டு பீருக்கு அனுமதி கொடு’ என்று ஒரு ஆங்கில மனு கையெழுத்துக்கு வரலாம். வந்தால் முதலில் இந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

டர்பன் கதையின் இன்னொரு அத்தியாயம் நம் பக்கத்து மாநிலத்தைத் தொடுகிறது. நிறவெறி அரசு தன் சோள பீர் ஆலைகளை 1990-இல் தனியார்மயமாக்கி நேஷனல் சோர்கம் புரூவரீஸ் என்ற நிறுவனமாக்கியது. சில ஆண்டுகளில் அது பெங்களூரு விஜய் மல்லையாவின் யூ.பி. குழுமத்தின் கைக்குப் போனது. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பீர் காய்ச்சிய தென்னிந்திய ஆலைகளை இணைத்துத் தொடங்கிய குழுமம் அது. கறுப்பினப் பெண்களிடமிருந்து பிடுங்கிய பானை நகராட்சிக்குப் போய், அரசுக்குப் போய், பிறகு கிங்ஃபிஷர் முதலாளியின் வாசலுக்கும் வந்தது. பெண்களிடம் மட்டும் திரும்பி வரவில்லை.

இங்கே தானிய மதுவைக் கீழ்மைப்படுத்தியதற்கு இன்னும் பழைய வரலாறு உண்டு. மனுஸ்மிருதியின் 11-ஆம் அத்தியாயம் சுரையைத் தானியத்தின் அழுக்கு என்று சொல்லி, மேல் மூன்று வருணங்களும் அதைத் தொடக்கூடாது என்கிறது. நான்காம் வருணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களை யார் கண்டார்கள்! குடிக்கும் பானத்தையே பிறப்பின் அடையாளமாக்கும் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. சோம பானத்தைத் தேவர்களுக்குப் படைத்த மரபுதான் அடுத்தவன் பானையைப் பார்த்து மூக்கைப் பொத்தியது.

தமிழில் வேறொரு காட்சி இருக்கிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் மீனவர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தைத் தமிழ் படிக்கும் தோழர்கள் எடுத்துப் பாருங்கள். குற்றாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, அகலமான தட்டில் ஆற்றி, இடித்த முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, வெந்நீர் சேர்த்து விரலால் பிழிந்து எடுப்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் படிப்படியாகச் சொல்கிறார். களி, ஆற்றுதல், முளைமாவு, புளிப்பு, வடிப்பு. உம்கொம்போதியின் செய்முறையோடு ஒப்பிட்டால் தானியம்தான் மாறியிருக்கிறது. சங்க இலக்கியப் பெருமை பேசும் பேராசிரியர்கள் இந்த வரிகளை வேகமாகத் தாண்டிப்போவது ஏன் என்று வகுப்பில் ஒருமுறை கேட்டுத்தான் பாருங்களேன்.

சட்டத்துக்கு வருவோம். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948-இல் அது சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆனது. 1971-இல் திறந்தார்கள், 1974-இல் மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள், 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை போட்டார்கள், 2003-இல் சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக்கிடம் போனது. 2023-24-இல் மட்டும் அரசுக்கு அதிலிருந்து கிடைத்தது 45,855 கோடி ரூபாய். இத்தனை திறப்பு மூடலுக்கும் நடுவில் 1937-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே நிற்கிறது. உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம், வீட்டு பீருக்கும் விலக்கு இல்லை. கூடவே 1982-இன் குண்டர் தடுப்புச் சட்டம், விசாரணையில்லாமல் ஒரு வருடம் உள்ளே. காணொளி பார்த்துச் செய்து பார்க்கக் கிளம்பும் தோழர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறோம். அடுக்ககத்துக்கு ரெய்டு வராது, உங்கள் தெருவுக்கு வரும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோர் தினக்கூலிகள், தலித் மக்கள். ‘குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா’ என்று சமூக வலைதளம் முழுக்கச் சாதி இந்துக்களின் நக்கல். அவர்களைக் கொன்றது மெத்தனால். தானியமோ வெல்லமோ சாதாரணமாகப் புளிக்கும்போது ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உண்டாகாது. அது தொழிற்சாலைக் கரைப்பான், ஆலையிலிருந்தும் கிடங்கிலிருந்தும் வெளியே கசிந்து, கைமாறிக் கைமாறிப் பாக்கெட்டில் அடைபட்டு வருகிறது. ஸ்கோக்கியான் கதைதான், ஒரு படி மேலே. டாஸ்மாக் குவார்ட்டருக்குக் காசு போதாதவன் கைக்கு, ஒளித்துக் கொண்டுவர முடிந்த மிகச் சிறிய, மிகக் கடுமையான சரக்கு போய்ச் சேர்கிறது. அரசு என்ன செய்தது? தண்டனையை ஆயுள்வரைக்கும் உயர்த்திச் சட்டத்தைத் திருத்தியது. பீகாரில் 2016-இல் வந்த முழு மதுவிலக்கின் கீழ் முதல் தண்டனை யாருக்கு விழுந்தது தெரியுமா? குடித்ததற்காக, ஜெஹானாபாத்தின் முசஹர் சகோதரர்கள் இருவருக்கு. தினக்கூலிகள். ஐந்து வருடச் சிறை, தலைக்கு ஒரு லட்சம் அபராதம்.

‘பாபாசாகேப் 1956 அக்டோபர் 14 அன்று கொடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் உண்டே, பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்தமும் பஞ்சசீலத்தைத்தானே சொன்னது’ என்று நீங்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. எங்களில் பலர் அந்த உறுதிமொழியை எடுத்தவர்கள், காப்பாற்றுகிறவர்கள். உறுதிமொழியை எடுப்பவன் தன் வாயால் தானே எடுக்கிறான், கூட நிற்பது அவன் சமூகம். போலீஸ்காரன் லத்தியோடு சேரிக்குள் வந்து பானையை உடைத்துவிட்டுப் போவதற்குத் தீட்சை என்று பெயரில்லை. அவன் உடைத்துவிட்டுப் போன தெருமுனையிலேயே அரசு தன் கடையைத் திறக்கிறது.

‘டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் போராடும் நம் பெண்களுக்கு எதிராக அல்லவா இது போகிறது’ என்றும் கேட்பீர்கள். 1992-இல் நெல்லூர் துபகுண்டாவில் சாராயக் கடையை விரட்டிய பெண்களிலிருந்து இன்று கடை வாசலில் மறியல் செய்யும் நம் அத்தைகள், அக்காக்கள் வரை அத்தனை பேர் பக்கமும் நாங்கள் நிற்கிறோம். தங்கள் ஊரில் எந்த மதுவும் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதுவே முடிவு. 1996-இன் பெசா சட்டம் அட்டவணைப் பகுதிகளின் கிராம சபைக்கு மதுவைத் தடுக்கவும் ஒழுங்குபடுத்தவும் அதிகாரம் தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி என்று ஒரு அங்குலம்கூட அறிவிக்கப்படவில்லை. முடிவெடுக்கும் உரிமையை அந்தப் பெண்களிடம் கொடுக்காமல், அவர்கள் பெயரைச் சொல்லி மலையில் ரெய்டு நடத்துவதை மட்டும் எப்படி ஏற்பது?

கள்ளுக்கு அனுமதி கேட்கும் இயக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேட்கட்டும். தோப்பு யாருடையது, ஏறுபவன் யார், கலயத்தின் விலையில் யாருக்கு எவ்வளவு என்பதையும் அதே மேடையில் சொல்லச் சொல்லுங்கள். தானிய மதுவுக்கு மரமும் வேண்டாம், தோப்பும் வேண்டாம். ஒரு படி கேழ்வரகும் ஒரு பானையும் போதும். அதனால்தானோ என்னவோ அதைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சே எழுவதில்லை.

எங்கள் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறோம். மெத்தனாலை ஆலை வாசலிலிருந்து கடைசிப் பாக்கெட் வரை கணக்கு வைக்கும் பொறுப்பு அரசுடையது. ஆயுள் தண்டனை அந்தக் கணக்கை மறைப்பவனுக்கு முதலில் போகட்டும். ஊறல் வழக்குகளிலும் குண்டர் சட்டத்திலும் உள்ளே இருப்பவர்களின் சாதிவாரி எண்ணிக்கையை அரசு வெளியிட வேண்டும். கடை வேண்டுமா வேண்டாமா என்பதை ஊர்ப் பெண்களின் கிராம சபை முடிவு செய்ய வேண்டும், மாவட்ட ஆட்சியர் அதற்குக் கட்டுப்பட வேண்டும். வீட்டுத் தானிய மதுவுக்கு என்றைக்காவது சட்டத்தில் இடம் வருமென்றால், விற்றுப் பிழைக்கும் பெண்ணின் பெயர் அதில் முதல் வரியில் இருக்க வேண்டும், ஸ்டீல் பாத்திர ஆர்வலரின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும். மாணவத் தோழர்கள் உடனே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் ஊறல் வழக்கில் கைதானவர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், மெத்தனால் விநியோகித்ததற்காகக் கைதான ஆலை முதலாளிகள் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டக் காவல் அலுவலகத்துக்குத் தனித்தனியாக மனு போடுங்கள். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், வந்தால் எங்களுக்கு அனுப்புங்கள்.